கல்லறை வாசலில் காவல் பூதங்கள்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 13 சுடுமண் உருவங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. கி.பி. 728இல் இறந்த லியு டிங்சுன் என்ற சீனத் தளபதியின் கல்லறையைச் சேர்ந்தவை என்கிறார்கள். குதிரை, ஒட்டகம், குதிரைக்காரர், அதிகாரி எல்லாம் உண்டு. ஆனால் கண்ணை இழுப்பவை காவல் மிருகங்கள் இரண்டுதான். ஒன்றுக்கு மனித முகம், விடைத்த பெரிய காதுகள். மற்றதற்குச் சிங்கம் போல் பிளந்த வாய், தலையில் கொம்பு. தோளில் சிறகு, காலில் குளம்பு. கெட்ட ஆவிகள் உள்ளே நுழையக் கூடாது. செத்தவர் ஆவியும் வெளியே வந்து அலையக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்தே இந்தக் காவல். கூடவே கவசம் பூண்ட இரு லோகபாலர்கள், அதாவது திசைகளைக் காக்கும் தெய்வங்கள். பௌத்தத்தோடு சீனாவுக்குப் போனவர்கள் இவர்கள்.

டாங் அரச வம்சக் காலத்தில் (618–907) இவற்றைப் பகுதி பகுதியாக அச்சில் எடுத்து ஒட்டி, சூளையில் ஒருமுறை சுட்டார்கள். பிறகு ஈயம் கலந்த மெருகைப் பூசி, குறைந்த சூட்டில் மறுபடியும் சுட்டார்கள். செம்பு சேர்த்தால் பச்சை, இரும்பு சேர்த்தால் தேன் நிறம், எதுவும் சேர்க்காவிட்டால் வெளிர்நிறம். ஈயம் இருப்பதால் மெருகு சீக்கிரம் உருகும், உருகியதும் வழியும். உடம்பெல்லாம் நிறங்கள் ஒன்றில் ஒன்று கலந்து கோடுகோடாக இறங்கியிருப்பது அதனால்தான். அதே மெருகு முகத்தில் வழிந்தால் கண்ணும் உதடும் மூடிப்போகும். ஆகவே பல மனித உருவங்களின் முகத்தை மட்டும் பூசாமல் விட்டு, சுட்ட பிறகு சாதாரண வண்ணத்தால் தீட்டினார்கள். அந்த வண்ணம் மண்ணுக்குள் உதிர்ந்துவிட்டது. பளபளக்கும் உடம்பும் வெளிறிய முகமுமாக அவை நிற்பதற்குக் காரணம் இதுவே.

புதைக்கும் பொருளுக்கு இத்தனை பகட்டு எதற்கு? சவ ஊர்வலத்தில் ஊரே பார்க்கும்படி இவற்றைக் கொண்டுபோவார்கள். இறந்தவருக்கு மரியாதை என்பதை விட, குடும்பத்தின் செல்வாக்கைக் காட்டும் வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது. அரசும் கட்டுப்படுத்திப் பார்த்தது. மூன்றாம் படிநிலைக்குக் குறையாத அதிகாரிக்கு 90 உருவங்கள், உயரம் ஒரு சீன அடி, அதாவது சுமார் 30 செ.மீ., என்று விதி போட்டது. லியுவின் காவலர்களில் பெரியவை ஒரு மீட்டருக்கும் மேல்!

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லுவோயாங் அருகே ரயில் பாதைக்காகத் தோண்டியபோது இப்படிப்பட்ட உருவங்கள் ஏராளமாக வெளியே வந்தன. கல்லறைப் பொருள் ஆகாது என்று உடைத்துப் போட்டவர்களும் உண்டு. விலை தெரிந்த பிறகு கதை மாறி, போலிகளும் கிளம்பின. இன்று சந்தேகம் வந்தால் அடிப்பாகத்தில் துளியளவு மண்ணைச் சுரண்டி எடுத்துச் சூடாக்குகிறார்கள். அது உமிழும் மெல்லிய ஒளியை அளந்தால், கடைசியாகச் சூளை கண்டது டாங் காலத்திலா, நேற்றா என்பது தெரிந்துவிடும்.