பால்மரமும் மரவள்ளியும்: மனம் அறிவை வகுக்கும் முறை

மனித மனம் பொது அறிவைத் தனித்தனிச் செய்திகளாகச் சேர்த்து வைப்பதில்லை. வகை வகையாகப் பிரித்து, அந்த வகைகளை ஒன்றோடொன்று தொடுத்து வைக்கிறது. ஈப்போவின் காலைச் சந்தையில் முன்பின் பார்த்திராத ஒரு பழத்தைக் கண்டவருக்கு, அதை உரிக்க வேண்டியிருக்கும், உள்ளே விதை இருக்கும், பழுத்தால் இனிக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'பழம்' என்ற வகைக்குள் வந்ததுமே அந்த வகையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதற்கும் பொருந்திவிடுகிறது. இந்தச் சிக்கனம் இல்லையென்றால் ஒவ்வொரு பொருளையும் அடியிலிருந்து கற்க நேரும்.

இத்தகைய அறிவுக்கு 'பொருண்மை நினைவு' என்று பெயர். கனடாவின் உளவியலாளர் எண்டல் டல்விங் 1972-ல் இதை 'நிகழ்வு நினைவி'லிருந்து பிரித்துக் காட்டினார். மலேசியாவின் பேராக் மாநிலத் தலைநகர் ஈப்போ என்று தெரிந்திருப்பது பொருண்மை நினைவு. ஈப்போ ரயில் நிலையத்தில் முதன்முதலாக இறங்கிய நாளை நினைத்துப் பார்ப்பது நிகழ்வு நினைவு.

வகைகளுக்குக் கறாரான வேலி உண்டு என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. அமெரிக்க உளவியலாளர் எலினோர் ரோஷ் 1970-களில் செய்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையை உடைத்தன. ஒரு வகையின் உறுப்புகள் எல்லாம் சமமல்ல. அமெரிக்க மாணவர்களிடம் கேட்டபோது ஆரஞ்சும் ஆப்பிளும் 'நல்ல' பழங்களாகத் தேறின; ஆலிவ் கடைசிக்குத் தள்ளப்பட்டது. வகையின் நடுவே ஒரு மாதிரி உரு இருக்கிறது. மற்றவை அதற்கு எவ்வளவு நெருக்கம், எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தே இடம் பெறுகின்றன. தம்புன் பொமேலோவையும் ரம்புத்தானையும் தின்று வளர்ந்த பிள்ளைக்கு நடுவில் இருப்பது ஆப்பிளாக இருக்க வேண்டியதில்லை. வாழும் இடமே மாதிரி உருவைத் தீர்மானிக்கிறது.

செய்யும் தொழிலும் தீர்மானிக்கிறது. 1976-ல் ரோஷும் சகாக்களும் நடத்திய ஆய்வில், நகரத்து அமெரிக்கர்களுக்கு மரங்களின் இனப்பெயரைவிட 'மரம்' என்ற பொதுப்பெயரே இயல்பாக வாயில் வந்தது. ஒரு துறையில் ஊறியவர்களிடம் இயல்பாக வரும் பெயரின் மட்டம் பொதுப்பெயரிலிருந்து கீழே இறங்குகிறது என்பதை 1991-ல் ஜேம்ஸ் தனாகாவும் மார்ஜரி டெய்லரும் பறவை வல்லுநர்களையும் நாய் வல்லுநர்களையும் வைத்துக் காட்டினார்கள். தம் துறை என்று வந்தால் அவர்கள் உட்பிரிவின் பெயரையே பொதுப்பெயருக்கு ஈடான வேகத்தில் அடையாளம் கண்டார்கள்.

பேராக்கில் இதைப் பார்க்கப் பால்மரம் எனப்படும் ரப்பர் மரத்தின் தோட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1877-ல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகள் மலாயா ரப்பரின் தொடக்கங்களில் ஒன்று. பின்னர் சுங்கை சிப்புட் முதல் தாப்பா, பீடோர் வரை தோட்டங்கள் பரவின. சாலையில் போகிறவருக்கு அங்கே நிற்பதெல்லாம் ஒரே மரம். பால்வெட்டும் கைக்கு அப்படியில்லை. கத்தி ஒவ்வொரு தடவையும் சீவும் பட்டையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். ஆழம் தப்பினால் உள்ளிருக்கும் வளர்படலம் காயப்படும். மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அந்த இடத்தில் பிறகு ஒழுங்காக வெட்ட முடியாது. ஆகவே கன்னிப்பட்டை, மறுபட்டை, சீக்கிரம் பால் நிற்கும் மரம், பால் சேரும் மங்கு நிறைந்த பிறகும் சொட்டும் மரம் என்று அந்தத் தொழிலாளியின் மனத்தில் ஒரு நிரைக்குள்ளேயே பல வகைகள் உருவாகின்றன.

தாவரவியலாளரின் வகுப்பு வேறு. ரப்பரும் மரவள்ளியும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டுமே தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை. ஆனால் தோட்டத்து மக்கள் மனத்தில் இவை உறவினர்கள் அல்ல. பால்மரம் கூலியோடு சேர்ந்தது. மரவள்ளி, 1941 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் கிழங்கைத் தின்று உயிர் தரித்த பஞ்சத்தோடு சேர்ந்தது. அமெரிக்காவில் டக்ளஸ் மெடினும் சகாக்களும் 1997-ல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு நெருக்கமானது. தாவர வகைப்பாட்டாளர்கள் மரங்களை அறிவியல் குடும்பப்படி பிரித்தார்கள். நிலவடிவமைப்பாளர்களோ பயனைக் கொண்டு பிரித்தார்கள். இதில் ஒன்று அறிவு, மற்றது அறியாமை என்று சொல்வது பிழை. ஒவ்வொன்றும் அதன் வேலைக்குச் சரியான ஒழுங்கு.

வகைகள் பொருள்களை அடுக்குகின்றன. நிகழ்ச்சிகளையும் சூழல்களையும் அடுக்குவது ஸ்கீமா எனப்படும் அறிவுச் சட்டகம். தோட்டத்து நாள் இதற்கு நல்ல சான்று. இருட்டிலேயே பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு. விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடும் என்பதால் உடனே வெட்டு. வெயில் ஏறியதும் பால் எடுப்பு, பிறகு ஸ்டோரில் நிறுவை. மழை பெய்து பட்டை நனைந்தால் பால் வெட்டுக் கோட்டை விட்டு வழியும். அன்று வெட்டு இல்லை. இப்படி வரிசையாக நடப்பவற்றின் சட்டகத்தை ரோஜர் ஷாங்கும் ராபர்ட் ஏபெல்சனும் 1977-ல் 'ஸ்கிரிப்ட்' என்றார்கள். அது இருப்பதால்தான் "நேற்று மழை, கூலி இல்லை" என்ற நான்கே சொற்கள் தோட்டத்தில் முழுச் செய்தியாகிவிடுகின்றன.

இதே சட்டகம் நினைவைத் திருத்தவும் செய்கிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-ல் வெளியிட்ட நூலில், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படித்த ஆங்கிலேயர்கள் அதைத் திரும்பச் சொல்லும்போது தங்களுக்குப் பழக்கமானபடி மாற்றியதைக் காட்டினார். 1981-ல் வில்லியம் பிரூவரும் ஜேம்ஸ் டிரேயன்ஸும் மாணவர்களைச் சிறிது நேரம் ஒரு பல்கலைக்கழக அலுவலறையில் இருக்கவைத்தார்கள். அங்கே புத்தகம் எதுவும் இல்லை. ஆனால் வெளியே வந்தபின் பலர் புத்தகங்களைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அலுவலறை என்றால் புத்தகம் இருக்கும் என்ற சட்டகம் இடைவெளியை நிரப்பிவிட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை.

பேராக்குக்கு இது இன்று அவசரமான செய்தி. பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது; தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாகின. மிச்சமிருக்கும் முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யும் முயற்சிகள் நடக்கின்றன. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் ஏடுகளில் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் லயத்தில் வாழ்ந்த அனுபவம் மனிதர்களிடம் மட்டுமே இருக்கிறது. "அந்தக் காலத்தில் தோட்டம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் சட்டகம்தான் பதில் சொல்லும். அவசரகாலத்தில் லயங்களைச் சுற்றிப் போட்ட முள்வேலியை அது முந்திய ஆண்டுகளிலும் நட்டுவிடக்கூடும்.

நேர்காணல் எடுப்பவர்கள் வழக்கத்தைப் பற்றிய கேள்வியோடு நிறுத்திவிடக் கூடாது. குறிப்பிட்ட ஒரு நாளைக் கேட்க வேண்டும்: வெட்டு நின்றுபோன நாள், பெரட்டில் சண்டை நடந்த நாள், கடைசிப் பால்மரத்தைச் சாய்த்த நாள். அப்போது எங்கே நின்றார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். 1980-களில் ரொனால்டு ஃபிஷரும் எட்வர்டு கெய்செல்மனும் சாட்சிகளை விசாரிக்க வகுத்த முறையும் சூழலை மனத்தில் மீண்டும் எழுப்பச் சொல்கிறது. தாத்தா பாட்டியின் நினைவுகளை விடுமுறையில் பதிவு செய்ய நினைக்கும் பிள்ளைகள் முதல் கேள்வியை ஒரு நாளிலிருந்து தொடங்கட்டும்.