வரையாட்டின் நாட்காட்டி

மூணாற்றுக்கு அண்மையில், ஆனைமுடிச் சிகரத்தைத் தன்னகத்தே கொண்டு, 97 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவைக் காணச் செல்பவர், சரிவுகளில் மேயும் வரையாடுகளையும் பள்ளங்களில் ஒடுங்கி நிற்கும் சோலைகளையும் கண்டு, மனிதன் கைபடாத சிருஷ்டி இதுவென்று எண்ணி மகிழ்வது சகஜம். அக்காட்சிக்குப் பின்னே எழுத்தில் வடித்த திட்டம் ஒன்று இருந்து, விலங்குக்கும் நெருப்புக்கும் மனிதனுக்கும் உரிய இடத்தையும் காலத்தையும் வகுத்துக் கொடுக்கிறது என்பதை அவர் பெரும்பாலும் அறியார்.

முன்னர்த் தேயிலைத் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்களமாக இருந்த இம்மலை, 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. சட்டம் வேட்டையைத் தடுத்தது. ஆயினும் தடை என்பது செய்யத் தகாததைச் சொல்லுமேயன்றிச் செய்ய வேண்டியதைச் சொல்லாது. அதைச் சொல்வதற்கே மேலாண்மைத் திட்டம். பொதுவாக அதன் ஆயுள் பத்து ஆண்டு.

திட்டத்தின் முதற்காரியம் இடத்தைப் பகுப்பது. உட்பகுதி விலங்கினத்துக்கே உரியது. பயணிகளுக்கு இராஜமலைப் பக்கம் மட்டும் திறந்திருக்க, அவர்களும் வாயிலில் தம் வாகனத்தை விட்டு இறங்கி, வனத்துறைப் பேருந்திலேயே மேலே செல்ல வேண்டும்.

அடுத்தது காலத்தைப் பகுப்பது. வரையாடுகள் குட்டி ஈனும் பருவமாகிய பிப்ரவரி, மார்ச் மாதங்களில், கூட்டமும் கூச்சலும் தாய்மையைக் கலைக்கலாகாது என்று, நுழைவுக் கட்டணத்தின் நஷ்டத்தையும் பொருட்படுத்தாமல் பூங்காவின் கதவு அடைக்கப்படுகிறது.

யாவற்றினும் விந்தையானது நெருப்பின் நிர்வாகம். கோடையில் காய்ந்த புல்லில் விழும் ஒரு பொறி மலை முழுவதையும் விழுங்கிவிடக்கூடும் ஆதலால், அந்நிலத்தின் போக்கைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த முதுவர் குடியினரின் துணையோடு, முன்கூட்டியே குறித்த கீற்றுகளில் புல்லை எரித்து, பெருந்தீ தாண்டமுடியாத வெற்றுக்கோடுகளை அமைக்கிறார்கள். எரிந்த இடத்தில் தளிர்க்கும் இளம்புல்லோ வரையாட்டுக்கு விருந்தாகிறது.

திட்டம் காக்க வேண்டியவற்றுள் இம்மலையின் குறிஞ்சிச் செடியும் ஒன்று; அது 2006-இலும் 2018-இலும் பூத்தது. அதன் கணக்கு பன்னிரண்டு ஆண்டு, திட்டத்தின் கணக்கோ பத்து. ஆகவே ஒரு பூப்பு முடிந்ததும் எழுதப்படும் திட்டம் அடுத்த பூவைக் காணாமலே காலாவதியாகிவிடும். அப்பூவுக்குரிய செடிகளை மிதிபடாமலும் தீப்படாமலும் காத்துப் பின்வரும் திட்டத்தின் கையில் ஒப்படைப்பதே அதன் கடமை.