தேதி போடாத ஷரத்து

2009 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. ஹோண்டுராஸ் நாட்டு மக்களிடம் அன்று ஒரு கேள்வி கேட்கப்பட இருந்தது. அரசியல் சாசனத்தை மாற்றலாமா என்று நேராகக் கேட்கும் கேள்வி இல்லை அது. சாசனத்தைப் புதிதாக எழுத ஒரு நிர்ணய சபை வேண்டுமா என்று மக்களைக் கேட்பதற்காக, நவம்பர் பொதுத்தேர்தலில் கூடுதலாக ஒரு வாக்குப்பெட்டி வைக்கலாமா என்பதே கேள்வி. அதிபருக்கு ஒன்று, நாடாளுமன்றத்துக்கு ஒன்று, மேயருக்கு ஒன்று என்று அங்கே ஏற்கெனவே மூன்று பெட்டிகள் உண்டு. இது நான்காவது. கேள்வி கேட்கலாமா என்று கேட்கும் இந்த வாக்கெடுப்பின் முடிவு யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பது இன்னொரு வேடிக்கை.

அன்றைய வாக்கெடுப்புக்கான பெட்டிகள் திறக்கப்படவே இல்லை. விடிவதற்குள் படையினர் அதிபர் மானுவல் செலாயாவின் வீட்டுக்குள் புகுந்து, இரவு உடையிலேயே அவரை விமானத்தில் ஏற்றி, கோஸ்டா ரிக்காவின் தலைநகரான சான் ஹோசேயில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அன்றே நாடாளுமன்றத்தில் செலாயாவின் ராஜினாமாக் கடிதம் என்று ஒன்று வாசிக்கப்பட்டது. அப்படி எதையும் தாம் எழுதவில்லை என்றார் செலாயா. சபாநாயகர் ரொபெர்டோ மிச்செலெட்டி அதிபராகப் பதவியேற்றார். இருவரும் அப்போது ஒரே லிபரல் கட்சிக்காரர்கள்.

யாரையும் கட்டுப்படுத்தாத ஒரு கருத்தறிதலுக்கு ஏன் இத்தனை கலவரம்? விடை 1982 சாசனத்தில் இருக்கிறது. பல ஆண்டு ராணுவ ஆட்சிக்குப் பிறகு எழுதப்பட்ட அந்தச் சாசனத்துக்கு, பதவியை விட்டு இறங்காத அதிபர்களைக் கண்டால் அச்சம். ஆகவே சில விதிகளுக்குப் பூட்டுப் போட்டுவைத்தது. ஒருமுறை அதிபராக இருந்தவர் மறுபடி வரக்கூடாது என்றது 239ஆம் பிரிவு. அந்தத் தடையைத் திருத்த வேண்டும் என்று முன்மொழிந்தாலே போதும், பதவி உடனே போய்விடும், பத்து ஆண்டுகளுக்கு வேறு பதவியும் கிடையாது. இந்தத் தடையைத் திருத்தவே முடியாது என்றது 374ஆம் பிரிவு. அந்த 374ஆம் பிரிவையும் திருத்த முடியாது என்று அதே பிரிவு சொல்லிக்கொண்டது! திருத்தவே வழியில்லாத விதிகளை மாற்ற நினைப்பவருக்கு மிஞ்சும் ஒரே வழி, சாசனத்தையே முழுதாகத் தூக்கிவைத்துவிட்டுப் புதிதாக எழுதுவது. செலாயா அதைத்தான் கையில் எடுத்தார்.

ஒலாஞ்சோ மாநிலத்துப் பண்ணை முதலாளி அவர். பெரிய தொப்பி, கருத்த மீசை. ஆட்சியின் பின்பாதியில் இடது பக்கம் சாய்ந்து, குறைந்தபட்சக் கூலியை அறுபது சதவீதம் உயர்த்தினார். வெனிசுலா அதிபர் சாவேசோடு கைகோத்தார். பதவியில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறார் என்றார்கள் எதிரிகள். அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் நாட்காட்டி ஒன்று சொல்கிறது: நான்காவது பெட்டி வைக்கப்பட்டிருந்தாலும், அதே நாளில் முதல் பெட்டி அடுத்த அதிபரைத் தேர்ந்தெடுத்திருக்கும், அந்தத் தேர்தலில் செலாயா வேட்பாளர் இல்லை. அதற்காக அவர் மேல் தப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வாக்கெடுப்பு கூடாது என்று நீதிமன்றம் தடுத்த பிறகும் விடாப்பிடியாக நின்றார். வாக்குச்சீட்டுகளை விநியோகிக்க மறுத்த ராணுவத் தளபதி ரோமியோ வாஸ்கேஸை நீக்கினார். உச்ச நீதிமன்றம் மறுநாளே அவரைத் திரும்ப உட்காரவைத்தது.

சாசனத்தைக் காப்பாற்றவே இறங்கினோம் என்றது ராணுவம். அதே சாசனத்தின் 102ஆம் பிரிவு, எந்த ஹோண்டுராஸ் குடிமகனையும் நாடு கடத்தக்கூடாது என்கிறது. நாடு கடத்தியதில் சட்டமீறல் இருந்தது என்பதை ராணுவத்தின் சட்ட ஆலோசகரே பின்னர் பத்திரிகைப் பேட்டியில் ஒப்புக்கொண்டார்.

உலகம் அபூர்வமாக ஒரே குரலில் பேசியது. ஐ.நா. பொதுச்சபை இரண்டு நாளில் கண்டனம் செய்தது. ஜூலை 4 அன்று அமெரிக்க நாடுகள் அமைப்பு ஹோண்டுராஸின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. 1962இல் கியூபாவுக்கு நடந்ததற்குப் பிறகு இப்படியொரு நடவடிக்கை இதுவே முதல். இதற்குக் கைகொடுத்த, அந்த அமைப்பின் ஜனநாயக சாசனம் லிமா நகரில் நிறைவேறிய தேதி 2001 செப்டம்பர் 11. உலகம் வேறு பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த நாள். கண்டனம் சுலபம். அடுத்து என்ன செய்வது?

அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டன், கோஸ்டா ரிக்கா அதிபர் ஆஸ்கர் அரியாஸை நடுவராக முன்னிறுத்தினார். பொருத்தமான ஆள்தான். 1948இலேயே ராணுவத்தைக் கலைத்துவிட்ட நாட்டின் தலைவர். 1987இல் மத்திய அமெரிக்காவின் உள்நாட்டுப் போர்களை முடிக்க ஐந்து அதிபர்களைக் கையெழுத்திட வைத்து, அதற்காக நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். எஸ்கிபுலாஸ் என்று அழைக்கப்படும் அந்த உடன்படிக்கையில் ஒரு நுட்பம் இருந்தது. போர்நிறுத்தம், பொதுமன்னிப்பு, கிளர்ச்சிப் படைகளுக்கான உதவியை நிறுத்துவது எல்லாம் 90 நாளில், ஒரே சமயத்தில் அமலுக்கு வர வேண்டும். ‘நீ முதலில்’ என்ற இழுபறிக்கு அங்கே இடமில்லை.

2009 ஜூலை 9 அன்று செலாயாவும் மிச்செலெட்டியும் சான் ஹோசேயில் அரியாஸின் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. அரியாஸ்தான் தனித்தனியே பேசினார். அவர் கொடுத்த திட்டத்தில் செலாயா பதவிக்குத் திரும்புவது, அனைவரும் சேர்ந்த அமைச்சரவை, பொதுமன்னிப்பு, நிர்ணய சபைப் பேச்சைக் கைவிடுவது, தேர்தலை ஒரு மாதம் முன்னால் கொண்டுவருவது எல்லாம் இருந்தன. செலாயா திரும்புவது என்ற ஒன்றில் மட்டும் மிச்செலெட்டி தரப்பு மசியவில்லை.

சமரசம் எப்போது பலிக்கும் என்பது பற்றி அமெரிக்க அரசறிவியலாளர் வில்லியம் சார்ட்மனின் கோட்பாடு ஒன்று உண்டு. சமரசம் பலிப்பது நடுவரின் சாமர்த்தியத்தால் மட்டுமல்ல, நேரம் கனிவதாலும்தான் என்பது அவர் வாதம். இரு தரப்பும் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்பது இரு தரப்புக்கும் வலிக்க வேண்டும். வெளியேற ஒரு வழி இரண்டு பேர் கண்ணிலும் பட வேண்டும். ஒருவருக்கு மட்டும் வலித்தால் மற்றவர் காத்திருப்பார்.

ஹோண்டுராஸில் நடந்தது அதுதான். விசா ரத்து, நிதியுதவி நிறுத்தம், தூதர்கள் வெளியேற்றம் எல்லாம் மிச்செலெட்டிக்கு வலித்தன. ஆனால் அந்த வலிக்கு முடிவு தேதி இருந்தது. செலாயாவின் பதவிக்காலம் 2010 ஜனவரி 27இல் எப்படியும் முடிந்துவிடும். நவம்பர் 29இல் தேர்தல். குத்தகை முடியச் சில மாதமே இருக்கும்போது எதிர்த்தரப்புக்கு வேண்டியது தீர்ப்பா, வாய்தாவா? வாய்தா மேல் வாய்தாவாக ஜூலை போயிற்று, ஆகஸ்டு போயிற்று.

இந்தக் கணக்கு செலாயாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். செப்டம்பர் 21 அன்று அவர் திடீரென்று தலைநகர் தெகுசிகல்பாவில், பிரேசில் தூதரகத்துக்குள் தோன்றினார். அரசாங்கம் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்துப் பார்த்தது. கட்டடத்தைப் படையினர் சூழ்ந்தார்கள். உள்ளே நுழைய மட்டும் முடியவில்லை. நான்கு மாதத்துக்கும் மேலாக அங்கேயே இருந்தார். முட்டுக்கட்டை இப்போதுதான் இரு பக்கமும் வலித்தது.

அக்டோபர் கடைசியில் அமெரிக்க உதவி வெளியுறவு அமைச்சர் தாமஸ் ஷானன் நேரில் வந்தார். 30ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் ஐந்தாம் ஷரத்து, ஆட்சியதிகாரத்தை ஜூன் 28க்கு முந்தைய நிலைக்குக் கொண்டுபோவது பற்றி, உச்ச நீதிமன்றத்தைக் கலந்துகொண்டு நாடாளுமன்றம் முடிவு செய்யும் என்றது. கால அட்டவணையும் இருந்தது. ஐந்தாம் ஷரத்தை நாடாளுமன்றத்தில் ஒப்படைக்கத் தேதி உண்டு. கண்காணிப்புக் குழு அமைக்கத் தேதி உண்டு. ஒற்றுமை அமைச்சரவைக்கு நவம்பர் 5 கெடு. நாடாளுமன்றம் எப்போது வாக்களிக்க வேண்டும் என்பதற்கு மட்டும் தேதி இல்லை.

இதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேதி போட்டிருந்தால் மிச்செலெட்டி தரப்பு கையெழுத்திட்டிருக்காது. திரும்ப முடியாது என்று எழுதியிருந்தால் செலாயா தரப்பு எழுந்து போயிருக்கும். இரண்டு பேரும் தங்களுக்கு வேண்டியதை வாசித்துக்கொள்ள இடம் விட்டு எழுதுவது ராஜதந்திரத்தில் பழைய வித்தை. பிற்பாடு யாராவது அந்த இடத்தை நிரப்பும்படி நெருக்கிக்கொண்டே இருந்தால் அது பலிக்கும்.

நெருக்க வேண்டியவர்களே கையை எடுத்தார்கள். செலாயா திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் நவம்பர் தேர்தலை அமெரிக்கா அங்கீகரிக்கும் என்று சில நாளிலேயே ஷானன் தொலைக்காட்சியில் சொன்னார். நடுவரிடம் இருந்த ஒரே பிடி தேர்தலுக்கான அங்கீகாரம். அதை விலையில்லாமல் கொடுத்தாயிற்று. நவம்பர் 5 இரவு, செலாயா தரப்பு ஆட்கள் யாருமில்லாத ‘ஒற்றுமை’ அமைச்சரவையை மிச்செலெட்டி அறிவித்தார். உடன்படிக்கை செத்துவிட்டது என்றார் செலாயா. தேர்தலில் தேசியக் கட்சியின் போர்ஃபிரியோ லோபோ வென்றார். அதற்கும் பிறகு, டிசம்பர் 2 அன்றுதான் நாடாளுமன்றம் ஐந்தாம் ஷரத்தைக் கையில் எடுத்தது: செலாயாவுக்கு எதிராக 111, ஆதரவாக 14.

அரியாஸுக்கும் ஷானனுக்கும் கைகூடாததை, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு அண்டை நாடுகள் செய்துமுடித்தன. 2011 மே 22 அன்று கொலம்பியாவின் கார்ட்டஹேனாவில், அந்நாட்டு அதிபர் சாந்தோஸும் வெனிசுலாவும் முன்னின்று லோபோவையும் செலாயாவையும் கையெழுத்திட வைத்தார்கள். லோபோவுக்கு அமெரிக்க நாடுகள் அமைப்பின் கதவு திறக்க வேண்டியிருந்தது. செலாயாவுக்கு வழக்குகளின் பயமில்லாமல் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. மே 28 அன்று செலாயா நாடு திரும்பினார். ஜூன் 1 அன்று ஹோண்டுராஸ் அமைப்புக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டது. பத்து நாளில் முடிந்த கொடுக்கல் வாங்கல். சார்ட்மன் சொன்ன கனிவு இதுதான் என்று நினைக்கிறேன்; ஆனால் பறித்தபோது பதவி என்ற பேச்சே மேசையில் இல்லை.

அந்த 239ஆம் பிரிவு என்ன ஆயிற்று? 2015 ஏப்ரலில் ஹோண்டுராஸ் உச்ச நீதிமன்றத்தின் சாசன அமர்வு, மறுபோட்டிக்கான தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. மக்களிடம் கேள்வி எதுவும் கேட்கப்படவில்லை. செலாயாவை நீக்க நாடாளுமன்றத்தில் கைதூக்கிய தேசியக் கட்சியின் அதிபர் ஹுவான் ஓர்லாண்டோ ஹெர்னாண்டஸ், 2017 நவம்பரில் இரண்டாம் முறை நின்றார். எண்ணிக்கையில் குளறுபடி என்று தெருவெல்லாம் போராட்டம், உயிர்கள் போயின. டிசம்பர் 17 அன்று அமெரிக்க நாடுகள் அமைப்பின் பொதுச்செயலாளர் லூயிஸ் அல்மாக்ரோ, தேர்தலைத் திரும்ப நடத்துங்கள் என்றார். ஐந்து நாள் கழித்து அமெரிக்கா ஹெர்னாண்டஸுக்கு வாழ்த்துச் சொன்னது.