பாட்டுக்குள் பிழைத்திருந்த பெயர்

அமெரிக்காவில் 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் இருந்தது. அதில் முதலாளியின் பெயர் இருக்கும். அதன்கீழ் அவர் அடிமைகளின் வயது, பாலினம், நிறம் மட்டும் வரிசையாக இருக்கும். அநேகமாக ஒருவருக்கும் பெயர் இருக்காது. 1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அந்த மக்கள் பெரும்பாலோர் 1870 கணக்கெடுப்பில்தான் முதன்முதலாகப் பெயரோடு எழுதப்பட்டார்கள். தன் முன்னோரைத் தேடிப் புறப்படும் கறுப்பின இளைஞர்கள் பலர் இன்றும் அந்த ஆண்டுக்கு முன்னால் வழி தெரியாமல் நின்றுவிடுகிறார்கள்.

தாள்கள் கைவிட்ட பிறகு ஒருவர் தன் குடும்பத்தை எங்கே தேடுவது? இந்தக் கேள்வியை வைத்துத்தான் டோனி மாரிசன் 'சாங் ஆஃப் சாலமன்' என்ற நாவலை எழுதினார். 1977-இல் வெளிவந்த நாவல் அது. 1993-இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற மாரிசன், அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண். அவருடைய தாய்வழித் தாத்தாவின் பெயர் ஜான் சாலமன் வில்லிஸ் என்பதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

நாவலின் நாயகனை ஊரார் 'மில்க்மேன்', அதாவது பால்காரன், என்று பட்டப்பெயரிட்டு அழைக்கிறார்கள். அவனுடைய உண்மைப் பெயர் மேக்கன் டெட். 'டெட்' என்றால் 'செத்துப்போனவர்' என்று பொருள். ஒரு குடும்பத்துக்கு இப்படி ஒரு பெயர் எப்படி வந்தது? விடுதலையான பிறகு அவனுடைய தாத்தா தன் பெயரைப் பதியப் போகிறார். மேசைக்குப் பின்னால் இருந்த சிப்பாய் குடிபோதையில் இருக்கிறான். எங்கே பிறந்தாய் என்று கேட்கிறான், 'மேக்கன்' என்கிறார். அப்பா யார் என்று கேட்கிறான், 'செத்துப்போனார்' என்கிறார். இரண்டு பதிலையும் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் எழுதிவிடுகிறான் அவன். தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு குடிகாரனின் கைப்பிழை மூன்று தலைமுறைக்குக் குடும்பப் பெயராகிவிட்டது.

படிக்கத் தெரியாததால் அவர் இழந்தது பெயரை மட்டுமல்ல. பென்சில்வேனியாவில் ஏறத்தாழ 150 ஏக்கர் நிலத்தை உழைத்துப் பண்ணையாக்கியிருந்தார். ஏதோ ஒரு தாளில் அவரை அடையாளம் போடவைத்து அந்த நிலத்தைத் தமதென்றார்கள் வெள்ளையர்கள். விட்டுக்கொடுக்க மறுத்து வேலிமேல் காவல் இருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

பேரன் மில்க்மேனுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. அவன் அப்பா வாடகை வசூலித்துப் பணம் சேர்த்தவர். சொத்து இருந்தால் போதும் என்பது அவர் பாடம். மிச்சிகனில் வசதியாக வளர்ந்த மகன், முப்பது வயதைத் தாண்டியும் யாருக்கும் பொறுப்பேற்காமல் திரிகிறான். ஒரு குகையில் தங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் ஊரைவிட்டுக் கிளம்புகிறான். தங்கம் கிடைக்கவில்லை. தேடல் அவனைத் தெற்கே வர்ஜீனியாவில் ஷாலிமர் என்ற சிற்றூருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

அங்கே குழந்தைகள் வட்டமாக நின்று பாடி விளையாடுகிறார்கள். கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு அந்தப் பாட்டில் வரும் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பிடிபடுகின்றன. எழுதிக்கொள்ள அவனிடம் பென்சில் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்கிறான். தாத்தாவின் உண்மைப் பெயர் ஜேக். ஜேக்கின் அப்பா சாலமன், ஆப்பிரிக்காவுக்கே பறந்து போனதாகச் சொல்லப்படும் அடிமை. இதே பாட்டைத்தான், சாலமன் என்ற பெயர் மட்டும் திரிந்துபோன வடிவத்தில், அவனுடைய அத்தை பைலட் வாழ்நாளெல்லாம் பாடிவந்தாள். தம் குடும்ப வரலாற்றைத்தான் பாடுகிறோம் என்பது அவளுக்கே தெரியாது.

அடிமைகள் பறந்து தாய்நாடு திரும்பினார்கள் என்ற கதையை மாரிசன் புதிதாகக் கட்டவில்லை. ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் 1930-களில் வாய்மொழி வழக்காறுகளைச் சேகரித்தவர்களிடம் முதியவர்கள் அதைச் சொல்லியிருக்கிறார்கள். பண்ணையும் சாட்டையுமாக இருந்த வாழ்வில் அந்த மக்கள் தமக்காகக் காத்துவைத்த நம்பிக்கை அது.

ஆனால் மாரிசன் அந்தப் பெருமையோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதே நமக்கு முக்கியம். சாலமன் பறந்தபோது மனைவி ரைனாவும் 21 பிள்ளைகளும் தரையில் நின்றார்கள். அவள் அழுது அழுது சித்தம் கலங்கினாள். தன் பரம்பரையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் துள்ளும் மில்க்மேனிடம் ஒரு பெண் கேட்கிறாள், அவர் யாரை விட்டுவிட்டுப் போனார் என்று. அவனும் ஒருத்தியைக் கைவிட்டு வந்தவன்தான். அவன் ஊர் திரும்புவதற்குள் அவள் இறந்துவிடுகிறாள். முன்னோரின் வீரத்தைத் தேடிப்போகிறவன் அவர்கள் விட்டுச்சென்ற கண்ணீருக்கும் வாரிசாக வேண்டும் என்கிறது நாவல்.

கடைசியில் அத்தை அவன் மடியில் உயிர் விடும்போது ஒரு பாட்டுப் பாடச் சொல்கிறாள். பாடவே தெரியாத மில்க்மேன் பாடுகிறான்.

இலக்கியம் படிக்கும் மாணவர்கள் இந்த நாவலைத் தேடிப் படிக்க வேண்டும். அரசு ஏடு ஒரு மனிதரின் பெயரைச் செத்தது என்று எழுதிவைத்த காலத்தில், ஒரு பெண்ணின் தொண்டையும் தெருக் குழந்தைகளின் விளையாட்டும் அந்தப் பெயரைக் காத்துவந்தன. ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாறு எழுதப்படவில்லை என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அது பாடப்பட்டிருக்கிறதா என்றும் இனிக் கேட்டுப் பார்ப்போம்.