வெள்ளத்தில் மூழ்கியும் சாகாத நெல்!

நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போனால் நெல்லும் தாங்காது. ஒரு வாரம் முழுக்க மூழ்கிக் கிடந்தால் பயிர் அழுகிவிடும். விவசாயி வரப்பில் நின்று பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்!

ஒடிசா மாநிலத்தின் ஆற்றோரக் கிராமங்களுக்கு இந்தத் துயரம் பழகிப்போன ஒன்று. ஆனால் அதே ஒடிசாவில் விளைந்து வந்த ஒரு நாட்டு நெல், இரண்டு வாரம் மூழ்கினாலும் நீர் வடிந்ததும் துளிர்த்து எழுந்தது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகத்துக்கு 'எப்.ஆர். 13ஏ' என்று பெயர்.

ரகசியம் என்ன?

சாதாரண நெல் நீரில் மூழ்கியதும் மூச்சுக்குத் தவிக்கிறது. எப்படியாவது தலையை வெளியே நீட்டிவிட வேண்டும் என்று மளமளவென்று உயர்கிறது. கையிருப்பிலுள்ள மாவுச்சத்து முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடுகிறது. வெள்ளம் வடியும்போது நிற்கத் தெம்பில்லாமல் சாய்கிறது.

ஒடிசா நெல் பதறுவதில்லை. வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, இருப்பைச் செலவிடாமல் காத்திருக்கிறது. பஞ்ச காலத்தில் சிக்கனமாகக் குடித்தனம் நடத்துவது போல!

கண்டுபிடித்தது எப்படி?

இந்த நெல்லை உயர்விளைச்சல் ரகங்களோடு முன்பே கலந்து பார்த்தார்கள். வெள்ளத்தைத் தாங்கும் குணம் வந்தது; கூடவே நாட்டு நெல்லின் குறைந்த விளைச்சலும் வந்தது. விவசாயிகள் ஏற்கவில்லை.

1996-ம் ஆண்டில் டேவிட் மேக்கில், கெனாங் சூ என்ற விஞ்ஞானிகள், அந்தக் குணம் நெல்லின் 9-வது குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார்கள். 2006-ல், பமீலா ரொனால்டும் சேர்ந்த குழு 'சப்-1ஏ' என்ற மரபணுவையே அடையாளம் கண்டது.

பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ஆந்திராவின் புகழ்பெற்ற 'சுவர்ணா' நெல்லுடன் இதைக் கலந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த மரபணு உள்ள செடியை மட்டும் பொறுக்கி, மீண்டும் சுவர்ணாவுடனேயே சேர்த்தார்கள். முடிவில் கிடைத்தது அதே சுவர்ணா. வெள்ளம் தாங்கும் குணம் மட்டும் கூடுதல். வேற்று உயிரின் மரபணு எதுவும் புகுத்தப்படவில்லை.

2009-ல் 'சுவர்ணா சப்-1' இந்தியாவில் வெளியாயிற்று. நம் சம்பா விவசாயிகள் அறிந்த சி.ஆர்.1009 நெல்லிலும் இதே குணம் ஏற்றப்பட்டிருக்கிறது.

யாருக்கு லாபம்?

ஒடிசாவில் 128 கிராமங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2013-ல் வெளிவந்தது. பத்து நாள் மூழ்கிய வயல்களில் புதிய நெல், பழைய சுவர்ணாவைவிட 45 சதவீதம் அதிகம் விளைந்தது. இன்னொரு உண்மையும் தெரிந்தது. பள்ளத்திலுள்ள, வெள்ளம் முதலில் புகும் நிலங்கள் மற்றவர்களைவிடப் பட்டியல் இனத்தவரிடம் அதிக விகிதத்தில் இருந்தன. ஆகவே பயனும் அவர்களுக்கே அதிகம்.

இது சர்வரோக நிவாரணி அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் மூழ்கினால் இந்த நெல்லும் தளரும். மாதக் கணக்கில் நீர் தேங்கும் வயலுக்கும் ஏற்றதல்ல.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. 'விளைச்சல் போதாது' என்று அந்த நாட்டு நெல்லை அன்றே கைவிட்டிருந்தால், ஆராய விதையே மிஞ்சியிருக்காது. விதையைக் காத்து வைத்தவர்களுக்கும் இந்த வெற்றியில் பங்கு உண்டு!