ஒரு தட்டில் எத்தனை மணி நேரம்?

திருமணத் திருப்பலி முடிந்து ஒரு மாதம் கழித்துப் பங்கு அலுவலகத்துக்கு வரும் இளம் தம்பதியர் பலர் என்னிடம் கேட்பது இறையியல் கேள்வி அல்ல. "ஃபாதர், கல்யாண வீடியோவை ஊரில் இருக்கிற அப்பாவுக்கு டி.வி.டி. போட்டு அனுப்பணும், எப்படிப் போடுறது?" என்பார்கள். மூக்கண்டப்பள்ளியில் சிப்காட் வேலைக்காக வந்து தங்கியவர்கள் நிறையப் பேர். பெற்றோர் இருப்பது தொலைவில் ஏதோ ஒரு கிராமத்தில். அங்கே இணையம் விட்டுவிட்டுத்தான் வரும். ஆனால் டி.வி.க்குக் கீழே துணி போர்த்திய டி.வி.டி. பிளேயர் ஒன்று இன்னும் வேலை செய்கிறது. மோசர் பேயர் நிறுவனம் தமிழ்ப் படங்களை 34 ரூபாய்க்கு டி.வி.டி.யாக விற்ற காலத்தில் வாங்கியதாக இருக்கலாம். அந்த நிறுவனத்தையே 2018-ல் கலைக்கச் சொல்லித் தீர்ப்பாகிவிட்டது. பிளேயர் மட்டும் உயிரோடு இருக்கிறது.

முதலில் நடக்கும் தவறு இது. போனில் அல்லது கேமராவில் உள்ள எம்.பி.4 கோப்பைப் பென்டிரைவில் போடுவதுபோல அப்படியே தட்டில் எழுதிவிடுகிறார்கள். அது கணினிக்கான தட்டு. பழைய பிளேயருக்கு அந்தக் கோப்பைப் படிக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது எம்பெக்-2 என்னும் முறை மட்டும்தான். இந்தியாவில் 1982-ல் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோதே பால் முறையைத் தேர்ந்துகொண்டோம். ஆகவே நமக்கான அளவு 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள். டி.வி.டி.ஸ்டைலர் போன்ற இலவச மென்பொருள்கள் இந்த மாற்றத்தைத் தாமே செய்யும். நீங்கள் 'பால்' என்பதைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று மட்டும் பாருங்கள். டொராண்டோவில் இருக்கும் அத்தைக்கு அனுப்புவதென்றால் கதை வேறு. கனடாவிலும் அமெரிக்காவிலும் என்.டி.எஸ்.சி. முறை, அங்குள்ள பல பிளேயர்கள் நம் தட்டை ஏற்காது. அவருக்குப் பென்டிரைவே மேல். இலங்கைக்கும் வளைகுடாவுக்கும் நம் தட்டே போதும்.

இனித் தரத்துக்கு வருவோம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு சிறு கணக்கு. சாதாரணத் தட்டின் கொள்ளளவு 4.7 ஜி.பி. (கணினியில் 4.37 என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். கணினி எண்ணும் முறை வேறு, அவ்வளவுதான்.) இந்த இடத்தை எத்தனை நிமிடங்களுக்குப் பங்கிடுகிறோமோ, அதைப் பொறுத்தே ஒவ்வொரு நொடிக்கும் கிடைக்கும் தரம். 600 என்ற எண்ணை நிமிடங்களால் வகுத்தால் நொடிக்கு எத்தனை மெகாபிட் என்று ஏறக்குறைய வந்துவிடும். 120 நிமிடத்துக்கு 5. 90 நிமிடத்துக்கு ஆறரைக்குச் சற்று மேல். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் 3.3 தான். அதில் ஒலிக்கு ஒரு 0.2 கழியும்.

ஐந்துக்கு மேல் இருந்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும். மூன்றுக்கு இறங்கினால் என்ன ஆகும்? வாசகம் வாசிப்பவர் அசையாமல் நிற்கும் காட்சி தப்பித்துவிடும். மணமக்கள் மேல் பூத்தூவும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆயிரம் இதழ்கள் ஒரே நொடியில் அசைகின்றன, பட்டுச்சேலையின் சரிகை மின்னுகிறது. அத்தனையையும் எழுத இடம் போதாமல் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. பெண்ணின் தாய் கண் துடைத்த முகம் அந்தச் சதுரங்களுக்குள் போய்விடும். சில ஸ்டுடியோக்காரர்கள் ஒரு தட்டுக் காசை மிச்சம் பிடிக்க இப்படிச் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு தட்டாகப் போடச் சொல்லுங்கள்: கோவில் ஒன்று, வரவேற்பு ஒன்று.

அதற்காக உச்ச அளவுக்குப் போகவும் வேண்டாம். டி.வி.டி. விதிப்படி படத்துக்கு 9.8 மெகாபிட் வரை இடமுண்டு. ஆனால் வீட்டில் எழுதிய தட்டை அந்த வேகத்தில் படிக்க முடியாமல் பழைய பிளேயர் திக்கும். எட்டோடு நிறுத்துவது நல்லது. 'இருமுறை' என்ற வசதி மென்பொருளில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஓட்டத்தில் எங்கே அசைவு அதிகம் என்று பார்த்துவைத்து, இரண்டாம் ஓட்டத்தில் பூத்தூவலுக்கு அதிகமும் மறையுரைக்குக் குறைவுமாக அது பங்கிடும். (மறையுரைக்குக் குறைத்தால் நான் வருந்தமாட்டேன்.) ஒலிக்கு டால்பி ஏ.சி.3-ஐத் தேர்ந்தெடுங்கள். பி.சி.எம். என்பது ஒன்றரை மெகாபிட்டை விழுங்கிவிடும்.

பழைய வி.எச்.எஸ். கேசட்டில் பாட்டியின் குரலும் முகமும் இருந்து, அதைத் தட்டாக்குகிறவர்களுக்கு வேறு வழி உண்டு. அந்த நாடாவிலேயே நுணுக்கம் குறைவு. 352-க்கு 576 என்ற பாதி அளவும் டி.வி.டி.யில் செல்லும். நீண்ட கேசட்டை ஒரே தட்டில் அடக்க வேண்டுமென்றால், முழு அளவைப் பட்டினி போடுவதைவிடப் பாதி அளவுக்கு வயிறாரக் கொடுப்பது தெளிவாக இருக்கும்.

கடைகளில் விற்ற சினிமாத் தட்டுகள் அச்சில் அழுத்தி வார்த்தவை. நாம் எழுதுவதோ ஒரு சாயப் பூச்சின் மேல். வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். சன்னலோரம் வைக்காதீர்கள். பால்பாயின்ட் பேனாவால் அதன் மேல் எழுதாதீர்கள். எழுதும் வேகத்தை 16 என்று வைக்காமல் 8 என்று வையுங்கள், முடிந்ததும் சரிபார்க்கும் வசதியை ஓடவிடுங்கள். அனுப்புமுன் உங்கள் கணினியில் அல்ல, யாராவது வீட்டுப் பழைய பிளேயரில் போட்டுக் கடைசி நிமிடம் வரை பாருங்கள். தட்டின் வெளி விளிம்பில்தான் பெரும்பாலும் தடங்கல் வரும்.

இன்னொன்று. முழு எச்.டி.யில் எடுத்த படத்தின் புள்ளிகளில் ஐந்தில் ஒரு பங்குதான் டி.வி.டி.யில் இருக்கும். எனவே தட்டு என்பது அப்பா பார்ப்பதற்கான பிரதி மட்டுமே. ஸ்டுடியோவுக்கு மீதிப் பணத்தைக் கொடுக்கும் அன்றே மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்கி இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று அண்ணன் வீட்டில். தட்டின் உறையில் தேதியையும் ஊரையும் படத்தில் இருப்பவர்களின் பெயரையும் தமிழிலேயே எழுதிவிடுங்கள்.