அறுபது வாத்தியங்கள், ஒரு குரல்!

அமெரிக்கச் சிற்றூர்களில் ஊர்ஜனங்களே சேர்ந்து நடத்தும் ஆர்க்கெஸ்ட்ராக்கள் உண்டு. பிடில்காரர் கல்லூரி மாணவராயிருப்பார். புல்லாங்குழல்காரர் பல் வைத்தியராயிருப்பார். சம்பளமா? தம்பிடி கிடையாது! இவர்களுடன் பாட, 'ஸொப்ரானோ' எனப்படும் உச்ச ஸ்தாயிப் பாடகி விருந்தாளியாக வருகிறார். பின்னால் அறுபது வாத்தியங்கள், மைக்கோ இல்லை. குரல் எடுபடுமா?

எடுபடும், நேயர்களே! ஸ்தாயி ஏற ஏற அவர் வாயை அகலத் திறக்கிறார். வாய்க்குள் எழும் ஒலி ஸ்வரத்துக்கு இசைந்து நாதம் பெருகுகிறது. ஆனால் மேலே போகப் போகச் சொற்கள் மங்கிவிடும். வாத்தியங்களும் முழங்கினால் சாஹித்யத்தின் கதி என்ன?

குஸ்டாவ் மாலர், 1901-ல் அரங்கேறிய தமது நான்காவது ஸிம்பனியில், பாடகிக்கு மிக மிக அடக்கமாகவே வாசிக்க வேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டார். ஊர்க் கோஷ்டிக்கு இதுதான் அக்கினிப் பரீட்சை. பலமாக வாசிக்க யாராலும் முடியும். அறுபது பேரும் ஒரே சமயத்தில் அடங்கி வாசிக்க, பிறர் குரலைக் கேட்கும் காது வேண்டும். விருந்தாளிக்கு அதைவிட நல்ல உபசாரம் உண்டா?